இரண்டாம் மாடியில் ஒரு போணி

திருவாரூரிலிருந்து சேலத்துக்கு இதற்கு முன் மூன்று முறை போயிருக்கிறேன். மகள் நித்யாவைக் கல்லூரியில் சேர்க்க ஒரு முறை, அவள் பட்டம் வாங்கியபோது ஒரு முறை, சொந்தமாகக் கடை திறந்தபோது ஒரு முறை. மூன்று முறையும் அவள் அம்மா கட்டிக் கொடுத்த பலகாரப் பைகளைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போனேன். நான்காவது முறை என்னிடம் இருந்தது இரண்டு மாற்றுச் சட்டையும் ரத்த அழுத்த மாத்திரை அட்டையும்தான்.

கூப்பிட்டது அவள்தான். "அப்பா, நாலு நாள் லீவு சொல்லிட்டு வாங்க. திங்கக்கிழமையோட கடை ஒப்பந்தம் முடியுது. மறுபடி கையெழுத்துப் போடணும், இல்லன்னா சாவியத் திருப்பிக் குடுத்துடணும். நீங்க எதுவும் சொல்ல வேணாம். சும்மா வந்து கூட உக்காந்திருங்க."

இன்னொன்றும் சொன்னாள். முன்பு வேலை பார்த்த திருப்பூர் ஆடை நிறுவனத்தில் அவளை மறுபடியும் அழைக்கிறார்கள். வருகிறாயா இல்லையா என்று சனிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டுமாம்.

"எதுவும் சொல்லாம, எதுவும் செய்யாம இருக்கணும். அது உங்களால ஆகுமா?" நான் கிளம்பும்போது என் மனைவி கேட்டாள். முழங்கால் வலியால் அவள் வரவில்லை. வந்திருந்தால் இதை எழுதும் அவசியம் எனக்கு வந்திருக்காது.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் சேலத்தில் இறங்கினேன். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் வானம் வயலில் போய் இறங்கும். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை குறுக்கே நிற்கிறது. பேருந்து நிலையத்து இட்லி நன்றாகவே இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

பத்தரை மணிக்கு நித்யாவின் ஸ்கூட்டியில் அவள் கடை இருக்கும் மாலுக்குப் போனோம். மூன்று வருடத்துக்கு முன் அவள் கடை திறந்த நாளில் உள்ளே நுழையவே வரிசை நின்றது. நகரும் படியில் கால் வைக்கப் பயந்த பெண்கள் புடவையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பின்னால் நின்றவர்கள் "ஏறுங்க, கடிக்காது" என்றார்கள். இப்போது அந்தப் படி நின்று போயிருந்தது. மின்சாரச் செலவாம். நின்றுபோன நகரும் படியில் ஏறுவது ஒரு விசித்திரமான அனுபவம். அது நகராது என்று கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரிவதில்லை. முதல் அடியிலேயே தடுமாறினேன்.

"பாத்துங்கய்யா!" என்று ஓடிவந்து தோளைப் பிடித்தார் காவலாளி. பெயர் பெரியண்ணன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டை ஒரு அளவு பெரியது, தொப்பி ஒரு அளவு சின்னது. "அப்பாவுங்களா சாமி?" என்று என் மகளைக் கேட்டார். பெரியவர்களையும் குழந்தைகளையும் சாமி என்று அழைக்கிற ஊர் அது. "வாங்கய்யா. ஒரே நேரத்துல ரெண்டு பேரு மேல போறீங்க, கூட்டந்தானுங்க. நேத்தெல்லாம் மேல போனது காத்தும் நானுந்தான்."

கீழ்த்தளத்தில் பெரிய மளிகை அங்காடி இருந்த இடம் தகரத்தால் அடைக்கப்பட்டிருந்தது. வாசல் மீன் தொட்டியில் தண்ணீர் இல்லை. கூழாங்கற்களும் ஒரு நெகிழிக் கோட்டையும் கிடந்தன. மேலே சினிமா அரங்குக்குப் போகும் வழியில் கயிறு கட்டியிருந்தார்கள். பாட்டு மட்டும் நிற்கவில்லை. யாருமில்லாத அந்தக் கட்டடம் முழுக்க ஒரு கல்யாண நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டே இருந்தது.

இரண்டாம் மாடியில் உணவுக்கூடத்தை விட்டால் இரண்டு கடைகள்தான் திறந்திருந்தன. ஒன்று ஜாபர் பாயின் கடிகாரக் கடை. இன்னொன்று என் மகளுடையது. குழந்தைகளுக்கான உடைகள், பெரும்பாலும் அவளே வரைந்து, தைக்கக் கொடுத்து வாங்கியவை. ஊதுபத்தி ஏற்றினாள், பொம்மையின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், உட்கார்ந்தாள். பாதி விளக்குகளைப் போடவில்லை. "போணி ஆகட்டும்பா, போட்டுக்கலாம்."

நாளின் முதல் விற்பனைக்கு எங்கள் ஊரிலும் போணி என்றுதான் பெயர். போணி ஆகும்வரை சில்லறை மாற்றித் தர மாட்டார்கள், மாற்றுத் துணி கேட்டு வந்தால் மதியம் வரச் சொல்வார்கள், முதலில் வருகிறவர் குறைத்துக் கேட்டாலும் வெறும் கையோடு அனுப்ப மாட்டார்கள். படித்த பெண், இதையெல்லாம் பார்க்கிறாளே என்று நினைத்தேன். படித்தவர்களும் காத்திருக்கும்போது எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

பதினொன்றரைக்கு ஒரு குடும்பம் வந்தது. தாய், தகப்பன், ஐந்து வயதுப் பெண் குழந்தை. நான் எழுந்து நின்றுவிட்டேன். குழந்தை மூன்று கவுன்களைப் போட்டுப் பார்த்தது. மூன்றாவது, மஞ்சள் நிறம், கச்சிதமாக உட்கார்ந்தது. தாய் கழுத்துப் பட்டையைத் திருப்பி அளவு எழுதிய துண்டைப் படம் எடுத்தாள். கவுனையும் படம் எடுத்தாள்.

"அளவு தெரிஞ்சிருச்சுங்க. இதே மாதிரி போன்ல இருக்குது, போட்டுட்டா ஊட்டுக்கே வந்துரும்" என்று கணவனிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள், ஒளிக்கவில்லை. குழந்தை கவுனைக் கழற்ற மாட்டேன் என்று அழுதது. நித்யாதான் குனிந்து பொத்தான்களைக் கழற்றினாள். "அழாத சாமி, நாளன்னிக்கு வந்துடும்" என்று அவளே சமாதானமும் சொன்னாள்.

அவர்கள் போனதும் எனக்குக் கோபம் பொங்கியது. "இப்படியும் ஆளுங்களா? கடைய அளவு பாக்குற இடமா வச்சிருக்காங்க!"

நித்யா என்னைப் பார்த்தாள். "உங்க சட்டை நல்லா இருக்குப்பா. எங்க எடுத்தீங்க?"

குனிந்து சட்டையைப் பார்த்தேன். போன தீபாவளிக்கு என் மனைவி தொலைபேசியில் வாங்கிக் கொடுத்த சட்டை அது. நான் அஞ்சலகத்தில் இருபத்தேழு வருடமாக வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் கடிதங்கள், இப்போது பொட்டலங்கள். என் மேசைக்கு வரும் மெத்தென்ற உறைகளில் துணிதான் இருக்கிறது என்பது கட்டைவிரலால் அமுக்கினாலே தெரியும். தினமும் அமுக்கி, முத்திரை குத்தி, அனுப்பிக்கொண்டிருக்கிறேன். என் மகளின் கடைக்கு வராமல் போனவர்களின் உறைகள் அவை என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

வியாழன் முழுக்கப் போணி ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். "வெண்ணந்தூர்ல சரோஜாக்கான்னு ஒருத்தங்க நம்ம துணியெல்லாம் தைக்கிறாங்க. திங்கக்கிழமை வரைக்கும் புதுசா எதுவும் வெட்ட வேணாம்னு சொல்லணும். போன்ல சொல்ல எனக்கு வாய் வரலப்பா."

டவுன் பஸ் மல்லூரைத் தாண்டியதும் ஊர் விரிந்து கிடந்தது. மரவள்ளிக் கொல்லைகள், தென்னை, நடுவே ஜவ்வரிசி ஆலைகளின் சிமெண்டுக் களங்கள். களம் முழுக்க வெள்ளை வெளேரென்று மாவு காய்ந்தது, காற்றில் புளித்த வாடை. எங்கள் பக்கத்தில் வெள்ளையாகப் பரந்து கிடந்தால் அது உப்பளம். ஒரு கணம் வேதாரண்யத்தில் இருப்பதுபோல் தோன்றி, உடனே மலை வந்து அதைக் கலைத்துவிட்டது.

சரோஜாவின் வீட்டில் இரண்டு தையல் இயந்திரங்கள். பக்கத்து வீடுகளிலிருந்து தறிச் சத்தம் இடைவிடாமல் வந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். நான் எப்படி ஆரம்பிப்பது என்று தொண்டையைச் செருமினேன்.

"நீங்க சொல்ல வேண்டாமுங்க. நல்ல சேதின்னா பாப்பா போன்லயே கத்தியிருக்கும். அப்பாவ அனுப்பிருக்குதுன்னா என்னன்னு நீங்க வாசல்ல செருப்பக் கழட்டும்போதே தெரிஞ்சுபோச்சுங்க."

மேசையில் வான நீலத்தில் வெட்டி வைத்த துணிகள் அடுக்காக இருந்தன. "எட்டு கவுனுக்கு வெட்டிட்டனுங்க. இனி ஒட்டவா முடியும்?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒன்றைக் கையில் எடுத்து, நீவி, திரும்ப வைத்தார். "ஒண்ணு தெச்சு முடிச்சிட்டேன். கொண்டுபோய்க் குடுத்துருங்க."

சாப்பிடாமல் விடவில்லை. அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ள அப்பளம். குழம்பு எங்கே என்று நான் தட்டைப் பார்ப்பதைக் கவனித்து, "குழம்பு இல்லாமச் சோறு எறங்காதாக்கு உங்க பக்கம்?" என்றார். இறங்கியது. இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். துக்கத்தில்கூட நன்றாகப் பசிக்கும் என்பதை அந்த வீட்டில் கண்டுகொண்டேன்.

திரும்பும்போதுதான் தவறு நடந்தது. நேர் பஸ் கிடைக்காமல் ராசிபுரம் வந்து, முன்பலகையில் சேலம் என்று எழுதிய பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அரை மணி கழித்துச் சேலத்துக்குச் சீட்டுக் கேட்டபோது நடத்துநர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, போர்டுல ரெண்டு ஊரும் எழுதியிருக்கும். வண்டி மூஞ்சி எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு பாக்கறதில்லீங்களா? இது நாமக்கல் போகுதுங்க."

பின் இருக்கையில் ஒருவர், "உடுப்பா, ஆஞ்சநேயரு கூப்பிட்டிருப்பாரு" என்றார். பேருந்தே சிரித்தது. என்னைப் புதுச்சத்திரத்தில் இறக்கிவிட்டார்கள்.

நெடுஞ்சாலையில் சேலம் போகும் வண்டிகள் ஒன்றும் நிற்கவில்லை. கை காட்டிக் காட்டித் தோள் வலித்தது. சாலையோரத்தில் கால் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தகரக் கொட்டகை. ஜன்னல் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. வாயில் வழியாகச் சின்ன வேன்கள் வெளியே வந்தபடி இருந்தன. தேநீர்க் கடைக்காரரிடம் அது என்ன என்று கேட்டேன்.

"போன்ல வாங்கறாங்கல்லங்க, அதெல்லாம் வந்து எறங்கற எடம். ஊர்ல இருக்கற அத்தன கடையும் உள்ளதான் இருக்குது. நாமதான் உள்ள போக முடியாது."

என் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் அப்படி ஒரு வேனின் ஓட்டுநர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். "சேலம் போறதுக்கு நிக்கறீங்களா? நான் அங்கதான் போறேன், ஏறுங்க." பெயர் குமரேசன், பரமத்தி வேலூர்க்காரர்.

வேனின் பின்புறம் கூரைவரை பொட்டலங்கள். வேகத்தடை வரும்போதெல்லாம் அவை பெருமூச்சு விடுவதுபோல் சத்தமிட்டன. குமரேசன் பதினொரு வருடம் நாமக்கல்லில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் விற்பனையாளராக இருந்தவராம். பட்டுச் சேலைப் பிரிவு.

"ஏன் விட்டீங்க?"

"நானெங்க உட்டேன்? மொதல்ல மேல் மாடி லைட்ட அணைச்சாங்க. அடுத்த மாசம் எங்கள அணைச்சாங்க." ஹாரன் அடித்து ஒரு முட்டை வண்டியை முந்தினார். "சனங்க கடைக்கு வந்தப்ப நான் கடையில நின்னேன். இப்ப ஊட்டுக்கு வரச் சொல்றாங்க, ஊட்டுக்குப் போறேன். என்ன, அப்ப ஒரு சேலைய விரிச்சா அவங்க மொகம் தெரியும். இப்பக் கதவு இடுக்குல கை மட்டுந்தான் வருதுங்க."

நான் பேச ஆரம்பித்தேன். பேசக்கூடாது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கட்டளை. மகள், கடை, திங்கட்கிழமை, போணியாகாத வியாழன், எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அந்த யோசனை என் வாயிலிருந்து தானாகவே வந்தது. நாளைக்குப் பதினொரு மணிபோல் வந்து ஒரு கவுன் வாங்க முடியுமா? பணம் நான் தருகிறேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தால் போதும்.

குமரேசன் வேகத்தைக் குறைத்தார். "ஆள் வெச்சு போணி பண்றதுன்னா எங்க பழைய மொதலாளி கடைப் படியே ஏற உட மாட்டாருங்க."

"ஒரு தடவைதான்."

"எனக்குச் சின்னப் புள்ள ஒண்ணு இருக்குது. அதுக்குப் புடிக்கற மாதிரி இருந்தா எடுக்கறேன். நடிக்கல்லாம் மாட்டனுங்க." நான் அவர் சட்டைப் பையில் பணத்தைத் திணித்து, அவர் எண்ணையும் வாங்கிக்கொண்டேன்.

அன்றும் நித்யாவுக்குப் போணி ஆகவில்லை. நீலக் கவுனைக் கொடுத்தேன். தையலைத் திருப்பிப் பார்த்து, "சரோஜாக்கா கைய யாரும் அடிச்சுக்க முடியாதுப்பா" என்று சொல்லிப் பொம்மைக்குப் போட்டாள்.

சனிக்கிழமை பத்தரைக்கே ஒரு காரணம் சொல்லி எதிரே உணவுக்கூடத்துக்குப் போய்விட்டேன். பன்னிரண்டு கடைகளுக்கான இடத்தில் தட்டுவடை விற்கும் ஒரு பெண் மட்டும் மிச்சம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காரட், பீட்ரூட் துருவல், காரச் சட்டினி வைத்துக் கொடுக்கிறார்கள். சேலத்துக்காரர்கள் அதற்காக உயிரை விடுவார்கள். எனக்கு வாயில் மண்போல இருந்தது. கண் முழுக்கக் கண்ணாடிக்கு அப்பால் கடையின் மேல்.

பதினொன்று இருபதுக்குக் குமரேசன் வந்தார். வெளுத்த சட்டை, வாரிய தலை. நேராகப் பொம்மையிடம் போய் நீலக் கவுனின் அடி மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். உள்தையலை விரலால் இழுத்தார். அது நடிப்பில்லை, பதினொரு வருடப் பழக்கம். என் மகளும் அதைக் கண்டுகொண்டாள். இருவரும் துணியைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். அவர் குறைத்துக் கேட்டார், அவள் சிரித்துக்கொண்டே குறைத்தாள். பணத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகு எல்லா விளக்குகளையும் போட்டாள். இரண்டாம் மாடியின் அந்த மூலை மட்டும் திருவிழா மாதிரி ஆயிற்று. ஜாபர் பாய் தன் கடை வாசலுக்கு வந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நித்யா தொலைபேசியை எடுத்துக்கொண்டு துணி அலமாரிக்குப் பின்னால் போய் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வந்தாள். எல்லோருக்கும் தேநீர் சொல்கிறாள் என்று நினைத்தேன். தேநீர் வரவில்லை.

ஞாயிறு மதியம் மாலில் கூட்டம் இருந்தது. வெயிலுக்காக வந்தவர்கள். குடும்பம் குடும்பமாகக் குளிர்ந்த தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிசாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். பெரியண்ணன் யாரையும் எழுப்பவில்லை. "இருந்துட்டுப் போகட்டுங்க. ஆள் சத்தம் கேட்டு எத்தன நாளாச்சு."

நாங்களும் கடைக்குள் சாப்பாட்டைப் பிரித்தோம். நித்யா நல்ல மனநிலையில் இருந்தாள். அப்போதுதான் சொன்னாள்.

"நான் ஒன்னு நெனச்சு வச்சிருந்தேன்பா. வியாழன், வெள்ளி, சனி. மூணு நாள்ல ஒரு நாளாவது பன்னெண்டு மணிக்குள்ள போணி ஆகணும். தெரியாத ஒருத்தர் தானா வந்து வாங்கணும். ஆச்சுன்னா கடையத் தொடர்றது, ஆகலன்னா திருப்பூர். பாய் ரெண்டு நாளும் வாங்க வந்தாரு, நீங்க வாங்குனா செல்லாதுன்னு நான்தான் வெரட்டினேன்."

"இது என்னம்மா விளையாட்டு?" என்றேன்.

"எல்லாக் கணக்கும் போட்டுட்டேன்பா. கணக்கு மூடுன்னுதான் சொல்லுது. மனசு கேக்கல. அதான் யாராவது ஒரு மனுஷர் வந்து சொல்லட்டும்னு விட்டேன். அவரு வந்தாருல்ல, நேத்து. தையலைத் திருப்பிப் பாத்தாரே, பாத்தீங்களா? அந்த மாதிரி ஒரு ஆள் இருந்தாப் போதும்பா எனக்கு." ஒரு வாய் சாப்பிட்டாள். "அவரு போன உடனே திருப்பூருக்கு வரலன்னு சொல்லிட்டேன்."

அலமாரிக்குப் பின்னால் போன அந்த இரண்டு நிமிடம். கையிலிருந்த உருண்டையை இலையில் வைத்துவிட்டேன். உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்னும் ஒரு நாள் அவள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், பயந்தேன்.

திங்கட்கிழமை காலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மூன்றாம் மாடி அலுவலகத்துக்குப் போக வேண்டும். நின்றுபோன படியில் அவள் முன்னால் ஏறினாள், நான் பின்னால். பாதி ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. இம்முறை தடுமாற்றம் இல்லை.

"நித்யா, சனிக்கிழமை வந்தவர் நான் அனுப்பின ஆள்."

அவள் இரண்டு படி மேலே நின்றாள். திரும்பினாள். எல்லாவற்றையும் சொன்னேன், வேன், புதுச்சத்திரம், பணம். நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. கீழே பெரியண்ணன் எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "அந்தக் குழந்தைக்கு அளவு சரியா இருந்துதாமா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா."

"கேளுங்க."

குமரேசனை அழைத்தேன். சத்தமாகப் பேசினார், அவளுக்கும் கேட்டது. "கொஞ்சம் நீளந்தானுங்க. அவங்கம்மா அடிய மடிச்சுத் தெச்சுட்டா. ரெண்டு நாளாக் கழட்ட மாட்டேங்குது, அதையே போட்டுட்டுத் தூங்குதுங்க."

நித்யா தலையசைத்தாள். அங்கேயே படியில் உட்கார்ந்து திருப்பூருக்குப் பேசினாள். சனிக்கிழமை மாலையே வேறொருவருக்குச் சொல்லிவிட்டார்களாம். இடம் வந்தால் கூப்பிடுவார்களாம். "சரிங்க சார், பரவாயில்லைங்க சார்" என்று மூன்று முறை சொன்னாள்.

"அப்படின்னா கையெழுத்தாவது போட்டுடும்மா. வேலையும் இல்ல, கடையும் இல்லன்னா…"

"கணக்கு அப்பவே சொல்லிடுச்சுப்பா. நான்தான் காது குடுக்கல." எழுந்து மேலே போனாள். கால் மணி நேரத்தில் இறங்கி வந்தாள். மாலைக்குள் கடையைக் காலி செய்து சாவியைத் தருவதாகச் சொல்லிவிட்டாளாம்.

மதியம் முழுக்க மடித்து மடித்துப் பெட்டிகளில் அடுக்கினோம். துணிகளைச் சரோஜா தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஏற்றிப்போக நான் கேட்டுக்கொண்டபடி குமரேசன் தன் சுற்றை முடித்துவிட்டு வேனோடு வந்தார். என் மகளின் முகத்தைப் பார்க்கக் கூசினார். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, நான் திணித்த பணத்தை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார். "இது உங்களுதுங்க. புள்ளைக்கு எடுத்தது என் காசுலதான். துணி அப்படி இருந்துச்சு."

எனக்கு ஒரு நொடி உயிர் வந்தது. நித்யாவிடம் ஓடினேன். "அவர் சொந்தக் காசுலதான் வாங்கியிருக்கார்! அப்ப அது நிஜப் போணிதானேம்மா?"

அவள் பெட்டியின் வாயை ஒட்டிக்கொண்டே கேட்டாள். "நீங்க சொல்லாம அவரு இந்தப் படி ஏறியிருப்பாராப்பா?"

நான் அடுத்த பெட்டியை எடுத்து அவள் பக்கம் தள்ளினேன்.

ஷட்டரை இறக்கும் நேரத்தில் ஜாபர் பாய் வந்தார். "கடைசி நாள் போணி ஆகாம மூடக்கூடாதும்மா. இப்ப நான் வாங்கலாம்ல? இப்பச் செல்லும்ல?"

"எல்லாம் கட்டியாச்சு பாய். குழந்தைங்க சாக்ஸ் ஒரு ஜோடிதான் வெளிய கெடக்கு."

"அது போதும். குடு."

"உங்க வீட்ல இதப் போடுற வயசுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. ரெண்டு வாட்சுக்குப் போட்டு விடுறேன். குளிருதுன்னு அதுங்க ஓடவே மாட்டேங்குது."

நித்யா சிரித்தாள். சிரித்தபடியே பணத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒற்றிய கைகளை எடுக்கவில்லை. பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியண்ணன்தான் மெதுவாக வந்து, "நான் எறக்கறேன், நீ தள்ளு சாமி" என்று ஷட்டரைப் பிடித்தார்.

அன்று மாலை என்னைப் பேருந்து ஏற்ற வந்தாள். அறையின் வாடகை மாத முடிவுவரை இருக்கிறதாம், பிறகு பார்க்கலாம் என்றாள். கும்பகோணத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருவரின் மைத்துனர் திருப்பூரில் ஆடைத் தொழிலில் இருக்கிறார். பேருந்து நிலையத்துக்கு வரும் வழியிலேயே அவருடைய எண்ணை வாங்கிப் பையில் வைத்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. ஆனாலும் வண்டி கிளம்பும்போது ஜன்னலருகே வந்தாள்.

"அப்பா, ஊருக்குப் போய் யாரையாவது பிடிச்சுத் திருப்பூர்க்காரங்களப் பேச வைக்காதீங்க. கூப்பிடுறதா இருந்தா அவங்களாவே கூப்பிடட்டும்."

வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. மேசையில் உறைகள் வருகின்றன. மெத்தென்று இருப்பதை இப்போது அமுக்கிப் பார்ப்பதில்லை, முத்திரை குத்தி ஒதுக்கிவிடுகிறேன். தினமும் காலையில் நித்யாவிடம் பேசுகிறேன். சாப்பிட்டாயா என்று கேட்கிறேன், சாப்பிட்டேன் என்கிறாள். திருப்பூரிலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை.

அந்த எண் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. இதை எழுதி முடிக்கும்வரை நான் அழைக்கவில்லை.